பரம்பரைக் கணக்கும் பெண்மீது விழுந்த பழியும்

எமது கல்லூரி நூறாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மலர்க் குழுவினர் எம்மிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்றைக் கேட்டிருந்தனர். கல்லூரியின் வரலாற்றை எழுதத் தகுதி வாய்ந்த மூத்த மாணவிகள் பலர் உள்ளனர். வைத்தியத் துறைக்குச் சென்ற நாம் எமது தொழிலோடு ஒட்டிய வரலாறு ஒன்றை எழுதுவதே பொருத்தம் என எண்ணினோம்.

"டொக்டர், இது ஆற்றை பக்கத்தால வந்தது?"

இந்தக் கேள்வியைக் கேளாத தமிழ் வைத்தியர் இருக்கமாட்டார். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இது ஒரே தொனியில்தான் கேட்கப்படுகிறது. கேட்பவர் பெரும்பாலும் பிள்ளையின் அப்பம்மாவாகவோ மாமியாகவோ இருப்பார். நாம் வாய்திறக்கும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பிள்ளையின் தாயாக இருப்பார்.

பரம்பரை என்று வரும்போது எமது சமூகம் பெண்மீது இரண்டு பழிகளைச் சுமத்தி வந்திருக்கிறது. தொடர்ந்து பெண் பிள்ளைகளையே பெற்றால் அது அவளுடைய குறை. ஆண் பிள்ளை பிறந்து அவனுக்கு ஒரு நோய் இருந்தால் அதுவும் அவள் கொண்டுவந்த சீதனம். முதலாவது பழி முழுப் பொய். இரண்டாவதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை பழியாக மாறவேண்டிய தேவையே இருக்கவில்லை. இவ்விரண்டையும் விஞ்ஞானம் எப்படி வேறுபிரித்து அறிந்தது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். அந்த வேலையில் பெரும் பங்கு பெண்களுடையது என்பதால், பெண்கள் கல்லூரி ஒன்றின் நூற்றாண்டு மலரில் அதைச் சொல்வது தகும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுவேறாக வெளிப்படும் இயல்புகளில் இரண்டு வகைகளை முதலில் பிரித்துக்கொள்வோம். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சில இயல்புகளுக்குரிய பரம்பரை அலகு X நிறமூர்த்தத்திலேயே இருக்கிறது. ஈமோபிலியா எனப்படும் குருதி உறையா நோயும், சிவப்பையும் பச்சையையும் வேறுபிரிக்க முடியாத நிறக்குருடும் இவ்வகை. இவற்றை இலிங்கமிணைந்தவை என்கிறோம். வேறு சில இயல்புகளின் அலகு மற்றைய நிறமூர்த்தங்களில் இருக்கிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சமமாக வருகிறது. ஆனால் உடலில் ஓடும் ஓமோன்கள் காரணமாக ஒரே அலகு ஆணில் ஒரு விதமாகவும் பெண்ணில் இன்னொரு விதமாகவும் வேலை செய்கிறது. இவை இலிங்கத்தால் பாதிக்கப்படும் இயல்புகள். வழுக்கை இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம். இரண்டும் 'ஆண்களுக்குத்தான் வரும்' என்று வெளியில் ஒன்றுபோலத் தெரிவதால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

ஈமோபிலியாவில் இருந்து தொடங்குவோம். ஏனெனில் இதில்தான் எதிர்வுகூறல் முதன்முதலில் நடந்தது. அதுவும் நிறமூர்த்தம் என்ற சொல்லே பிறப்பதற்கு ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர். யூதர்களின் தல்மூத் நூலில் ஒரு விதி உண்டு. ஒரு தாயின் இரண்டு ஆண் குழந்தைகள் விருத்தசேதனத்தால் இறந்துபோனால், மூன்றாவது குழந்தைக்கு அதைச் செய்யக்கூடாது. அதே இடத்தில் செப்போரிஸ் ஊரின் நான்கு சகோதரிகளின் கதை வருகிறது. மூத்தவளின் பிள்ளை இறந்தது, இரண்டாமவளின் பிள்ளை இறந்தது, மூன்றாமவளின் பிள்ளையும் இறந்தது. நான்காமவள் வந்து கேட்டபோது, உன் பிள்ளைக்குச் செய்யவேண்டாம் என்று தீர்ப்பாயிற்று. ஆபத்து சகோதரிகளின் வழியே ஓடுகிறது என்பதை அந்த ரபிமார் கண்டிருக்கிறார்கள். அதற்காக அந்தச் சகோதரிகளை யாரும் தள்ளிவைத்ததாக அங்கே இல்லை. பிள்ளையைக் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான்.

நவீன மருத்துவத்தில் இதை முதலில் தெளிவாக எழுதியவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர வைத்தியர் ஜோன் கொன்ராட் ஒட்டோ. 1803 இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தில் பிளிமத் ஊருக்கு அருகே குடியேறிய ஸ்மித் என்ற ஒரு பெண்ணிலிருந்து தொடங்கும் குடும்பத்தைப் பற்றியது. ஆண்கள் மட்டுமே குருதி பெருகி இறக்கிறார்கள்; பெண்களுக்கு நோய் இல்லை, ஆனால் அவர்கள் அதைத் தம் ஆண் பிள்ளைகளுக்குக் கடத்துகிறார்கள் என்று அவர் கண்டார். 1820 இல் ஜெர்மானிய வைத்தியர் நாஸே இதையே ஒரு விதியாக வகுத்தார். நோயின் காரணம் என்ன என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் யாருக்கு வரும், யார் வழியாக வரும் என்பது 1820 அளவிலேயே வைத்தியர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்குப் பின்னர்தான் ஐரோப்பாவின் மிகப் பெரிய அரச குடும்பத்தில் அந்த விதி கண்முன்னே நடந்தது. யாரும் அதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

விக்ரோறியா மகாராணியாருக்கு ஒன்பது பிள்ளைகள்: ஐந்து பெண்கள், நான்கு ஆண்கள். 1853 இல் பிறந்த லியோபோல்ட் இளவரசருக்கு ஈமோபிலியா இருந்தது. அவர் 1884 இல் பிரான்சின் கான் நகரில் விழுந்து காயமுற்று, முப்பதாவது வயதில் இறந்தார். மகள்மாரில் அலிஸும் பியற்றிஸும் காவிகளாக இருந்தனர். காவி என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மலேரியாவைப் பரப்பும் நுளம்பையும் நோய்க்காவி என்கிறோம், இந்தத் தாய்மாரையும் காவி என்கிறோம். பாடநூல் தந்த சொல் என்பதால் நாமும் பயன்படுத்துகிறோம்; ஆனால் நுளம்புக்கும் தாய்க்கும் ஒரே சொல்லை வைத்தது எமக்கு ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை.

அலிஸ் ஜெர்மனியின் ஹெஸ்ஸே அரச குடும்பத்தில் மணம்முடித்தார். அவருடைய மகன் பிரீட்றிச், இரண்டு வயதில், 1873 இல் யன்னலில் இருந்து விழுந்து குருதிப்பெருக்கால் இறந்தான். அலிஸின் மகள் ஐரீன் தன் பெரியம்மாவின் மகனான பிரஷ்ய இளவரசரை மணந்தார். அவருடைய மூன்று ஆண் பிள்ளைகளில் இருவருக்கு நோய் இருந்தது. மூத்தவன் பிறந்தது 1889 இல். ஐரீனின் தங்கை அலிக்ஸ் 1894 இல் ருஷ்யாவின் நிக்கலஸை மணந்து பேரரசி அலெக்சாண்ட்ராவானார்.

அலிக்ஸின் திருமணப் பேச்சு நடந்த நாளில் ஒரு வைத்தியரிடம் தாளும் பேனையும் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? தாய்மாமனுக்கு நோய், சகோதரனுக்கு நோய், தமக்கையின் மகனுக்கு நோய். எனவே தாய் நிச்சயமாகக் காவி. மகள் காவியாக இருக்கும் வாய்ப்பு சரிபாதி. காவியானால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு மீண்டும் சரிபாதி. அலிக்ஸ் பெறும் எந்தவொரு மகனுக்கும் நாலில் ஒன்று. இந்தக் கணக்குக்கு நுணுக்குக்காட்டியும் வேண்டாம், ஆய்வுகூடமும் வேண்டாம். நாஸேயின் விதியும் குடும்பத்தாரின் நினைவும் போதும்.

ஆனால் ருஷ்ய அரண்மனையில் அப்போது ஓடிய கவலை வேறு. ஆண் வாரிசு இருக்கும்வரை பெண் சிம்மாசனம் ஏற முடியாது என்பது 1797 முதல் அங்கே சட்டம். ஒல்கா 1895 இல் பிறந்தாள், ததியானா 1897 இல், மரியா 1899 இல், அனஸ்தாசியா 1901 இல். நான்கும் பெண்கள். பேரரசி நேர்த்திகள் வைத்தார், அருளாளர்களை நாடினார். 1903 இல் கணவரோடு சரோவ் தலத்துக்கு யாத்திரை போனார். எமது ஊர்க் கோவில் வாசல்களில் இதே வேண்டுதலோடு நின்ற பெண்களை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. 1904 ஓகஸ்டில் மகன் அலெக்சி பிறந்தான். அந்த ஆண்டு பெப்ரவரியில்தான் ஐரீனின் நான்கு வயதுப் பிள்ளை தலையில் அடிபட்டு இறந்திருந்தான். அலெக்சிக்கு ஆறு வாரமானபோது தொப்புளில் இருந்து குருதி கசியத் தொடங்கிற்று.

மகனைப் பெறாத பழி பத்து ஆண்டுகள். பெற்ற மகனுக்கு நோயைக் கொடுத்த பழி அதன்பின். இரண்டையும் ஒரே பெண் சுமந்தாள். முதலாவது பழிக்குரிய விடை மகன் பிறந்து ஓராண்டு கழித்து, 1905 இல், அமெரிக்காவில் அச்சேறியது. அதை எழுதியவர் நெட்டி மரியா ஸ்டீவன்ஸ்.

இவரைப் பற்றிப் பாடசாலையில் நாம் படித்ததில்லை. மோர்கனைப் படித்தோம், மெண்டலைப் படித்தோம், ஸ்டீவன்ஸின் பெயர் எங்கள் குறிப்புக் கொப்பிகளில் இல்லை. 1861 இல் வெர்மொன்ட் மாநிலத்தில் ஒரு தச்சரின் மகளாகப் பிறந்தவர். பல ஆண்டுகள் பாடசாலை ஆசிரியையாக உழைத்துச் சேர்த்த பணத்தில், முப்பத்தைந்து வயதில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு பெண்கள் கல்லூரியான பிறின் மோரில் 1903 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். மாவில் உண்டாகும் புழுவண்டை எடுத்து, அதன் கலங்களை நுணுக்குக்காட்டியில் எண்ணினார். பெண் வண்டின் கலத்தில் இருபது பெரிய நிறமூர்த்தங்கள். ஆண் வண்டின் கலத்தில் பத்தொன்பது பெரியவை, ஒன்று மிகச் சிறியது. ஆணின் விந்துக்கலங்களில் பாதியில் அந்தச் சிறியது இருந்தது, மறுபாதியில் அதற்கு ஈடான பெரியது இருந்தது. முட்டைகள் எல்லாமே ஒரேமாதிரி. எனவே பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது எந்த விந்துக்கலம் வந்து சேர்கிறது என்பதே.

அந்தச் சிறிய நிறமூர்த்தத்தைத்தான் இன்று Y என்கிறோம். அதுவரை தாய் உண்ட உணவு, உடல் வெப்பம் என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டு வந்தது. எட்மண்ட் வில்சன் என்ற ஆய்வாளரும் அதே காலத்தில் தனியாக இதே முடிவை நெருங்கினார். ஆனால் முடிவை ஐயமின்றி முதலில் சொன்னவர் ஸ்டீவன்ஸே என்பது எமது கருத்து. 1912 இல், ஐம்பதாவது வயதில், மார்புப் புற்றுநோயால் அவர் இறந்தார்.

நூற்றிருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னமும் எமது விடுதிகளில் மூன்றாவது பெண் பிள்ளையைப் பெற்ற தாய் அழுகிறாள். அருகில் நிற்கும் கணவருக்கு, "தம்பி, இதைத் தீர்மானிச்சது உங்கட பக்கம்தான்" என்று நாம் சிரித்தபடி சொல்வதுண்டு. அவர் சிரிப்பார். மாமியார் சிரிக்கமாட்டார்.

ஸ்டீவன்ஸின் ஆசிரியராக இருந்த தோமஸ் ஹன்ட் மோர்கன் 1910 இல் பழ ஈக்களில் வெள்ளைக் கண் உள்ள ஓர் ஆண் ஈயைக் கண்டு, அந்த இயல்பு X உடன் சேர்ந்து கடத்தப்படுவதைக் காட்டினார். அதோடு ஒட்டோவும் நாஸேயும் கண்ட விதிக்குக் காரணம் விளங்கிற்று. பெண்ணுக்கு இரண்டு X. ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றது சமாளிக்கும். ஆணுக்கு ஒரே X; அதுவும் தாயிடமிருந்து. அது பழுதானால் மாற்று இல்லை. காவியான தாயின் ஒவ்வொரு மகனுக்கும் சரிபாதி வாய்ப்பில் நோய், ஒவ்வொரு மகளுக்கும் சரிபாதி வாய்ப்பில் காவித்தன்மை. நோயுள்ள தந்தையோ தன் X ஐ மகனுக்குக் கொடுப்பதேயில்லை; எனவே அவருடைய மகன்மாருக்கு அவர் வழியால் நோய் வராது, மகள்மார் அனைவரும் காவிகள். பிரித்தானிய அரச வழியில் இன்று அந்த நோய் இல்லாததற்கும் இதுவே காரணம். அது நோயற்ற மகனான ஏழாம் எட்வேர்ட் வழியாக இறங்கியது.

இந்த இடத்தில் எமது உறவுமுறையை வைத்துப் பார்த்தால் சுவையான ஒரு விடயம் தெரியும். ஈமோபிலியா உள்ள ஒருவரின் நோய் தாய்வழியால் வந்தது. அதே அலகு அவருடைய பெரியம்மா, சின்னம்மாவிடமும் அவர்களுடைய மகள்மாரிடமும் இருக்கலாம். அவர்களை நாம் சகோதரிகள் என்கிறோம், மணம்முடிப்பதில்லை. மச்சாள் முறையானவர்களைப் பாருங்கள். தாய்மாமன் நோயற்றவரானால் அவருடைய ஒரே X நல்லது. அவர் மகளுக்கு அவர் வழியால் இந்த அலகு வரமுடியாது. தந்தையின் சகோதரியான மாமியின் மகளுக்கோ இந்த வழியோடு தொடர்பேயில்லை. ஆக, யாரைச் சகோதரியாகக் கொள்ளவேண்டும் என்ற எமது வழக்கு, தெரிந்தோ தெரியாமலோ, காவியாக இருக்க அதிக வாய்ப்புள்ளவளை விலக்கி வைத்திருக்கிறது. தாய்மாமனுக்கும் நோய் இருந்தால் மட்டும் கதை மாறும். அவருடைய மகள் நிச்சயமாகக் காவி. நோயுள்ள மருமகன் அவளை மணந்தால் அவர்களுடைய பெண் பிள்ளைகளுக்கே முழு நோய் வரும் வாய்ப்பு சரிபாதி. இதை நெருங்கிய உறவுத் திருமணத்துக்கு நாம் கொடுக்கும் நற்சான்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தலசீமியா போன்ற நோய்களில் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே மச்சான் மச்சாள் திருமணம் ஆபத்தைக் கூட்டுகிறது.

எதிர்வுகூறலில் வைத்தியர்கள் பயன்படுத்தும் இன்னொரு கணக்கையும் சொல்லவேண்டும். இது பல சகோதரிகளின் மனப்பாரத்தைக் குறைத்திருக்கிறது. தாய் காவி என்பது நிச்சயமான குடும்பத்தில், தம்பிக்கு ஈமோபிலியா. அக்கா காவியாக இருக்கும் வாய்ப்பு சரிபாதி. அவளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து இருவரும் நோயற்றிருந்தால் அந்த வாய்ப்பு அப்படியே இருக்குமா? இப்படியான எட்டு அக்காமாரை எண்ணிக்கொள்ளுங்கள். நால்வர் காவி, நால்வர் இல்லை. காவியான நால்வரில் இரண்டு மகன்மாரும் தப்பிப் பிறப்பது சராசரியாக ஒருத்திக்கு மட்டுமே. காவியல்லாத நால்வருக்கும் பிள்ளைகள் நலமே. ஆக, இரண்டு நலமான மகன்மாரோடு நிற்கும் ஐந்து பெண்களில் ஒருத்திதான் காவி. ஐம்பது வீதமாக இருந்தது இருபது வீதமாகிவிட்டது. மூன்று மகன்மாரும் நலமென்றால் ஒன்பதில் ஒன்று. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: அவள் உண்மையில் காவியாக இருந்தால், அடுத்த மகனுக்கு வாய்ப்பு மீண்டும் சரிபாதிதான். முந்திய பிள்ளைகள் நலமாகப் பிறந்தது அடுத்த பிள்ளையைக் காப்பாற்றாது. முந்திய பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது என்பதற்காக அடுத்தது தப்பிவிடும் என்பதுமில்லை. 'ஒரு பிள்ளைக்கு வந்திட்டுது, இனி வராது' என்று நம்பியிருந்த குடும்பங்களை நாம் சந்தித்திருக்கிறோம்.

வழுக்கைக்கு வருவோம், இது சிறிய விடயம், ஆனால் ஒன்றுகூடல்களில் எம்மிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். 'அம்மப்பாவுக்கு வழுக்கை என்றால் பேரனுக்கும் வழுக்கை' என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. 1916 இல் டொரதி ஒஸ்போர்ண் என்ற அமெரிக்கப் பெண் குடும்ப மரங்களைத் திரட்டி எழுதிய கட்டுரையில், வழுக்கை X சார்ந்ததல்ல. ஆணில் ஆட்சியுடையதாகவும் பெண்ணில் பின்னிடைவாகவும் நடக்கும் ஓர் அலகு என்றார். அவர் கணக்கின்படி, தாய் தந்தை இருவரும் அந்த அலகில் ஒவ்வொன்றை வைத்திருந்தால் மகன்மாரில் நாலில் மூவருக்கும் மகள்மாரில் நாலில் ஒருத்திக்கும் வழுக்கை. இலிங்கத்தால் பாதிக்கப்படும் இயல்புக்கு இதுவே பாடநூல் உதாரணமாயிற்று. 1942 இல் ஜேம்ஸ் ஹமில்டன், பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், ஆண் ஓமோன் கொடுத்தால் பரம்பரைச் சார்புள்ளவர்களுக்கு விழுகிறது என்றும் காட்டினார். அலகு மட்டும் போதாது, ஓமோனும் வேண்டும். இன்றைய நிலையில் ஒஸ்போர்ணின் சதுரம் மிக எளிமையானது. ஆண் ஓமோனை ஏற்கும் அலகு ஒன்று X இல் இருப்பதால் அம்மப்பா கதைக்குக் கொஞ்சம் ஆதாரம் கிடைத்தது. ஆனால் வேறு நிறமூர்த்தங்களிலும் ஏராளமான அலகுகள் பங்கெடுக்கின்றன. ஆகவே இம்மலரைப் புரட்டும் கணவன்மார் மாமியார் குடும்பத்தை மட்டும் குற்றஞ்சாட்டாமல், தம் அப்பாவின் திருமணப் படத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

நாம் மிகவும் மதிக்கும் பெண்மணிக்கு இப்போது வருகிறோம். ஜூலியா பெல் 1879 இல் இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரியான கேர்ட்டனில் கணிதம் படித்தார். படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் கிடையாது. பெண்களுக்கு அப்போதைய கேம்பிரிட்ஜ் விதி அது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1904 முதல் 1907 வரை இத்தகைய பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது. நீராவிக் கப்பலேறிப் போய்ப் பட்டம் வாங்கி வந்த அவர்களுக்கு 'நீராவிக்கப்பல் சீமாட்டிகள்' என்று பெயரே உண்டாயிற்று. பெல்லும் அவர்களில் ஒருவர். பின்னர் இலண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் சேர்ந்து, குடும்ப நோய்களைப் பற்றி முறையாக ஆராய வைத்தியம் தெரியவேண்டும் என்று நாற்பது வயதளவில் வைத்தியராகவும் தகுதி பெற்றார். அதன்பின் பல பத்தாண்டுகளாகக் குடும்ப மரங்களைத் திரட்டினார்: கண் நோய்கள், நரம்பு நோய்கள், விரல் குறைகள். 1943 இல் மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து X சார்ந்த புத்திக்குறைபாடு ஒன்றை விவரித்தார். இன்று உடையும் X எனப்படுவது அதுதான்.

1937 இல் பெல்லும் ஹால்டேனும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஈமோபிலியாவும் நிறக்குருடும் ஒரே குடும்பத்தில் இருந்த சில மரங்களை எடுத்து, இரண்டு அலகுகளும் X இல் அருகருகே இருக்கின்றன, நூறில் சுமார் ஐந்து தடவைதான் பிரிகின்றன என்று கணித்தனர். மனிதனில் இரண்டு அலகுகளின் இணைப்பு முதன்முதலாக அளக்கப்பட்டது அன்றுதான். கண்ணுக்குத் தெரியும் ஓர் இயல்பு எந்த வழியால் போகிறது என்று பார்த்தால், கண்ணுக்குத் தெரியாமல் பெண்ணில் மறைந்திருக்கும் இன்னொன்று எங்கே போயிற்று என ஊகிக்கலாம். பிற்காலத்தில் மரபணு அடையாளங்களைக் கொண்டு காவிகளைக் கண்டறிந்த முறை முழுவதும் இந்த எண்ணத்தின் நீட்சிதான்.

இந்தக் கதையின் இருண்ட பக்கத்தையும் மறைப்பதற்கில்லை. குடும்ப மரங்களைத் திரட்டிய அந்த ஆய்வகம் 'இனமேம்பாடு' என்ற கொள்கையின் பெயரால் நிறுவப்பட்டது. யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று அரசு தீர்மானிக்கவேண்டும் என நினைத்தவர்கள் அக்காலத்தில் பலர். 1933 இல் ஜெர்மனியில் கட்டாய மலடாக்கச் சட்டம் வந்தது. எதிர்வுகூறல் குடும்பத்தின் கையில் இருக்கும்வரை அறிவு. அதிகாரத்தின் கையில் போனால் என்னவாகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பெல் தம் எண்பத்தாறாவது வயதுவரை ஆய்வகத்தில் பணியாற்றி, 1979 இல் நூறு வயது நிறைந்தபின் மறைந்தார்.

அதே கேர்ட்டன் கல்லூரியில் 1940களில் படித்தவர் மேரி லயன். அவர் காலத்திலும் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கவில்லை. 1948 இல்தான் கொடுத்தது. எமது தீவில் கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892 இலேயே பெண்களைச் சேர்த்திருந்தது என்பதை இங்கே பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். 1961 இல் லயன் சுண்டெலிகளின் உரோம நிறத் திட்டுகளைக் கொண்டு ஒரு கருத்தை முன்வைத்தார்: பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு X இல் ஒன்று ஓய்வெடுக்கிறது, எது ஓய்வெடுக்கும் என்பது ஆரம்பத்தில் தற்செயலாக அமைகிறது.

இதன் விளைவு ஈமோபிலியாக் குடும்பப் பெண்களுக்கு மிகப் பெரியது. காவியான பெண்ணில் ஏறத்தாழப் பாதிக் கலங்கள் பழுதான X ஐப் பயன்படுத்துகின்றன. சிலரில் பாதிக்கும் மேல். அவர்களுக்குக் குருதி உறையும் காரணியின் அளவு மிகக் குறைந்துபோகலாம். நூற்றைம்பது ஆண்டுகளாக 'பெண்களுக்கு நோய் இல்லை, கடத்துவார்கள் மட்டும்' என்று எழுதி வந்தது முழு உண்மையல்ல. மாதவிடாயில் அளவுக்கு மீறிக் குருதி போகிறது, பல்லுப் பிடுங்கினால் நிற்பதில்லை, பிள்ளைப்பேற்றின் பின் குருதி பெருகுகிறது. இவற்றைப் 'பொம்பிளைப் பிள்ளைகளுக்கு உள்ளதுதானே' என்று விட்டுவிடுகிறார்கள். தம்பிக்கு ஈமோபிலியா உள்ள வீட்டில் அக்காவின் குருதிச்சோகைக்கு இரும்புச்சத்துக் குளிசை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது போதாது. காரணியின் அளவைப் பார்க்கவேண்டும். சீசர் சத்திரசிகிச்சைக்கோ உண்ணி முளை அகற்றவோ கத்தி எடுக்குமுன் அது தெரிந்திருக்கவேண்டும்.

பரிகாரத்தின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. 1964 இல் ஸ்ரான்போட்டில் ஜூடித் பூல் என்ற அம்மையார், உறைய வைத்த குருதித் திரவவிழையத்தைக் குளிர்நிலையிலேயே மெதுவாக உருகவிட்டால் எட்டாவது காரணி அடியில் தங்குகிறது என்று கண்டார். வைத்தியசாலைகளில் 'கிரையோ' என்று நாம் சொல்வது அதைத்தான். இன்று செறிவான காரணிகளைத் தவறாமல் பெறும் பிள்ளை பாடசாலை போகிறான், படிக்கிறான், வேலை செய்கிறான்.

ஒன்பதாவது காரணியின் அலகு 1982 இலும் எட்டாவதன் அலகு 1984 இலும் பிரித்தெடுக்கப்பட்ட பின்னர், 'சரிபாதி வாய்ப்பு' என்ற நிலை மாறிற்று. குடும்பத்தில் நோயுள்ள ஒருவரின் அலகில் எங்கே பழுது என்று கண்டுவிட்டால், சகோதரிக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லலாம். 2009 இல் ருஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளிலேயே இச்சோதனை செய்யப்பட்டது. அலெக்சிக்கு இருந்தது ஒன்பதாவது காரணிக் குறைபாடு, அதாவது ஈமோபிலியா பி என்று தெரிந்தது. தாயிடம் ஒரு X இல் அது இருந்தது. நான்கு மகள்மாரில் ஒருத்தியும் காவி. 1918 ஜூலையில் எக்காத்தரின்பேர்க் நிலவறையில் சுடப்பட்டபோது அவர்களில் எவருக்கும் இருபத்துமூன்று வயதாகவில்லை.

விக்ரோறியாவுக்கு அது எங்கிருந்து வந்தது? அவருடைய தந்தை கென்ட் கோமகனுக்கு நோய் இல்லை. தாய்வழியிலும் அடையாளம் இல்லை. பெரும்பாலும் புதிய திரிபு. அவர் பிறந்தபோது தந்தைக்கு ஐம்பத்தொரு வயது. ஈமோபிலியாவில் புதிய திரிபுகள் விந்துக்கலங்களிலேயே அதிகம் தோன்றுகின்றன என்று ஹால்டேன் பின்னர் காட்டினார். இன்றும் நோயாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்னர் யாருக்கும் இருந்ததில்லை. ஆக, 'தாய்வழி நோய்' என்று ஐரோப்பாவே பேசிய அந்த நோய், முதன்முதலில் ஒரு தந்தையிடமிருந்து வந்திருக்கவே அதிக வாய்ப்பு.

'ஆற்றை பக்கம்' என்று கேட்பவர்களுக்கு நாம் இப்போது வேறு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறோம். அம்மாவின் சகோதரர்களில் சின்ன வயதில் இறந்தவர் உண்டா? அம்மம்மாவின் சகோதரர்களில்? விழுந்து அடிபட்டு, காது குத்தி, பல்லு விழுந்து குருதி நிற்காமல் போன பிள்ளை யார்? பெரியம்மா, சின்னம்மாவின் ஆண் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? எமது குடும்பங்கள் இடப்பெயர்வுகளில் பத்து நாடுகளுக்குச் சிதறிவிட்டன; வைத்தியசாலைப் பதிவுகள் பல அழிந்துவிட்டன. இந்த விடைகள் எந்தக் கணினியிலும் இல்லை. இலண்டனிலோ சிட்னியிலோ கரவெட்டியிலோ இருக்கும் ஒரு வயதான பெரியம்மாவின் நினைவில்தான் இருக்கின்றன. தொலைபேசியில் அழைத்து, சகோதரர்களின் பெயர், பிறந்த வரிசை, இறந்த வயது, இறந்த விதம் ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பெண்களின் பெயர்களையும் விடாமல் எழுதுங்கள்; 'அவவுக்கு ஒண்டும் இல்லை' என்று விடப்படும் பெயரில்தான் பெரும்பாலும் வழி தொடர்கிறது.